வந்திருக்கு என்று சொல்லும் வீடு

"கூட்ட வண்டியில எவனும் விழமாட்டான்டா தம்பி. காலி வண்டியிலதான்…"

தணிகாசலம் பஸ்ஸில் நடத்துநராகச் சேர்ந்த புதிதில், அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்த நடத்துநர் கோதண்டராமன் அடிக்கடி சொன்னது இது. காலி வண்டியில்தான் என்ன என்பது ஞாபகம் வரவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் டிரைவர் கியர் மாற்றினாரோ, யாராவது சில்லறைக்குச் சண்டை பிடித்தார்களோ, தெரியாது. பாதிதான் மிஞ்சியிருக்கிறது. மனசு ஒரு நிலையில் இல்லாத நாட்களில் அந்தப் பாதி தணிகாசலத்தின் மண்டைக்குள் தானாக ஓட ஆரம்பித்துவிடும்.

அன்று விடிந்ததிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் நாலு மணிக்கு மகள் அபிநயா போன் செய்வதாகச் சொல்லியிருந்தாள். அவரோடு பேச அல்ல, அவர் தங்கியிருக்கும் வீட்டை நடத்துகிற பிலோமினா சிஸ்டரோடு பேச.

"கல்யாணத்துக்கு நீங்க வரணும்னுதான் எனக்கும் இருக்குப்பா," என்று போன வாரம் சொன்னாள். "ஆனா நீங்க சொல்றத நம்பி நம்பி எனக்கு அலுத்துப்போச்சு. சிஸ்டர் சொல்லட்டும். குணமாயிட்டார்னு ஒரே ஒரு வார்த்தை. சொன்னாங்கன்னா வாங்க. இல்லன்னா வேணாம். மணையில உக்காந்துக்கிட்டு, அப்பா எங்க, அப்பா எங்கன்னு வாசலையே பாத்துட்டிருக்க என்னால முடியாது."

"அப்ப தாரை வார்த்துக் குடுக்கறது?"

"மாமா இருக்காரு. அம்மாவும் அதையேதான் சொல்றாங்க."

அவள் பேரில் தப்பில்லை. நிச்சயதார்த்தத்தன்று, சம்பந்தி வீட்டு ஜனம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, தணிகாசலம் பழத்தட்டுகளின் மேல் குப்புற விழுந்தார். ஒரு ஆரஞ்சு உருண்டுபோய் மாப்பிள்ளையின் காலடியில் நின்றது. அந்தப் பையன் குனிந்து அதை எடுத்துத் தட்டிலேயே திரும்ப வைத்தான். மைத்துனன் ராஜமாணிக்கம்தான் அவரை மூட்டையைத் தூக்குவது போலத் தூக்கி வந்து காரின் பின்சீட்டில் போட்டான். "இனிமே உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்யா," என்று சொல்லிக் கதவை அறைந்து சாத்தினான். குடியில் நடந்த எத்தனையோ விஷயம் மறந்துபோயிருந்தது. அந்த ஆரஞ்சும் கதவுச் சத்தமும் மட்டும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த வீட்டுக்கு வந்தார்.

பண்ருட்டிக்கு அந்தப் பக்கம், செம்மண் பாதை முடிகிற இடத்தில் ஒரு முந்திரித்தோப்பு. நடுவில் ஒரு ஓட்டு வீடு, ஒட்டினாற்போல் தகரம் வேய்ந்த நீளமான கூடம். குடியை விட வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்குகிற இடம். வந்த புதிதில் இருக்கும் கைநடுக்கத்துக்கும் பிதற்றலுக்கும் டவுனிலிருந்து டாக்டர் வந்து மருந்து கொடுப்பார். அது தணிந்த பிறகு மருந்தென்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கேட்டுக்குப் பூட்டும் கிடையாது.

நடத்துகிறவர் பிலோமினா. எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிட்டாலும் கன்னியாஸ்திரி இல்லை, ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவர். தணிகாசலத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். வலிக்குப் போடுகிற ஊசிமருந்தை நோயாளிக்குப் பாதி தனக்குப் பாதி என்று ஏற்றிக்கொண்டு, வேலையும் வீடும் போய், ஒருவழியாக எழுந்து வந்தவர். புதிதாக வருகிறவர்களிடம் இதை அவரே சொல்லிவிடுவார், சொந்த ஊர் இன்னது என்று சொல்வது போல.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. குடிக்க வேண்டும் என்று உள்ளே ஒன்று பிறாண்ட ஆரம்பித்தால், பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் 'வந்திருக்கு' என்று சொல்ல வேண்டும். அது மட்டும் போதும். கேட்டவர் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். புத்தி சொல்லக் கூடாது, சாமி பெயரை எடுக்கக் கூடாது, தட்டிக்கொடுக்கக் கூடாது. சொன்னவர் 'போயிடுச்சு' என்று சொல்லும்வரை எழுந்திருக்கக் கூடாது. ஒரு தடவை அடுப்பில் சோறு முழுக்கக் கருகிப்போனது. எல்லோரும் அதைத்தான் தின்றார்கள்.

மற்றவர்களுக்காக எத்தனையோ தடவை தணிகாசலம் உட்கார்ந்திருக்கிறார். தன் வாயால் அந்த வார்த்தையைச் சொல்லி மட்டும் நாளாகிவிட்டது. வராமல் இல்லை. வந்தால் குளியலறைக்குப் போய்த் தலையில் வாளி வாளியாக ஊற்றிக்கொள்வார். இல்லாவிட்டால் சட்டைப்பையில் இருக்கும் பழைய விசிலை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு, வேலிப் பக்கமாக வேகவேகமாக நடப்பார். நடத்துநருக்குப் புகார் இல்லாமல் டிப்போவுக்குத் திரும்பினால் அது நல்ல டிரிப். சொல்வது குறையக் குறையக் குணமாகிக்கொண்டு வருவதாகத்தானே சிஸ்டரும் நினைத்துக்கொள்வார் என்பது அவர் கணக்கு.

காலையில் பழம் பொறுக்கப் போனார்கள். முந்திரிப் பருவம். வெயில் ஏறுவதற்குள் உதிர்ந்த பழங்களையெல்லாம் பொறுக்கி, கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு, பழத்தைக் குழியில் கொட்டி மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டும். விட்டால் மதியத்துக்குள் புளித்துவிடும். அந்த வாடை சாராயக் கடைக்குப் பின்னால் நிற்பது போல இருக்கும். தங்கள் தோப்பில் மூடிவிடலாம். பக்கத்துத் தோப்புக்காரன் பழத்தைக் குவியலாக அப்படியே விட்டிருந்தான். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தது.

"என்ன கண்டக்டரே, மூக்கைப் பொத்திக்கிட்டா பழம் பொறுக்குவீங்க?" என்றார் ஜாகீர் பாய். பரங்கிப்பேட்டைப் பக்கம் கல்யாண பிரியாணிக்குப் பேர்போனவர். இப்போது இந்த வீட்டுச் சமையல்.

"ஜலதோஷம், பாய்."

"சித்திரை வெயில்ல ஜலதோஷமா? வண்டியில பாஸ் இல்லாம ஏர்றவன்கூட இதைவிட நல்லாப் பொய் சொல்லுவானே."

தணிகாசலம் சிரிக்க முயன்றார்.

"பொண்ணு இன்னிக்குத்தானே கூப்பிடுது? பயப்படாதீங்க. சிஸ்டர் சொல்லிடுவாங்க. கல்யாணத்துல பிரியாணி உண்டா, இல்ல சாம்பார்தானா? சாம்பார்னா நான் வரல. போன வருஷம் ஒரு கல்யாணத்துல…" பாய் பாதியில் நிறுத்தினார். கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தார். "கண்டக்டரே, வந்திருக்கு."

தணிகாசலம் கூடையை வைத்துவிட்டு அவர் பக்கத்தில் சருகின்மேல் உட்கார்ந்தார். பாய் கண்களை மூடிக்கொண்டார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. மேலே ஒரு அணில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. எறும்புகள் ஒரு பழத்தை முழுசாக மொய்த்து முடிக்கும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"போயிடுச்சு," என்றார் பாய். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "எங்க விட்டேன்? ஆங், அந்தக் கல்யாணத்துல பாயசத்துல உப்பைப் போட்டுட்டானுங்க."

பிறகு சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்: "உங்களுக்கு?"

"எனக்கா? இல்ல பாய். எனக்கெல்லாம் இப்ப வர்றதே இல்ல."

சொல்லும்போது அவர் நாக்கின் அடியில் எச்சில் ஊறி நின்றது.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு சிஸ்டரைத் தேடிப் போனார். கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், நாலு மணிக்குப் பொண்ணு கூப்பிடும்."

"தெரியும் சார். பழத்தையெல்லாம் மூடிட்டீங்களா?"

"மூடியாச்சு. நீங்க என்ன சொல்லப்போறீங்க?"

"அவங்க என்ன கேக்கறாங்கன்னு பாப்போம்."

"கேக்கப்போறது தெரிஞ்சதுதானே. குணமாயிட்டாரான்னு கேக்கும். ஆமான்னு சொன்னாப் போதும்." சிஸ்டர் அடுத்த பாத்திரத்தை எடுத்தார். தணிகாசலத்துக்கு எரிச்சல் வந்தது. பயம் எரிச்சலாக வருவது அவருக்குப் புதிதில்லை. "நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. குடிகாரனைத் திருத்தற வீட்டைக் கொண்டாந்து இந்த முந்திரித்தோப்புலதான் வைக்கணுமா? சீசன் வந்தா நாத்தம் குடலைப் பிடுங்குது."

"இந்த வாடை இல்லாத ஊர் ஒண்ணு சொல்லுங்க சார். மாத்திடலாம். நீங்கதான் ஊர் ஊரா வண்டியில போனவராச்சே."

தணிகாசலம் நிஜமாகவே யோசித்தார். தான் போன தடம் ஒவ்வொன்றையும், ஸ்டாப் ஸ்டாப்பாக. எந்த ஸ்டாப்பில் இறங்கினால் எந்தச் சந்துக்குள் கடை என்பதுதான் வரிசையாக ஞாபகம் வந்தது. அப்படியே திரும்பி வந்துவிட்டார்.

அதன்பிறகு பொழுது நகரவில்லை. கூடத்தில் படுத்தார், எழுந்தார். சலவைச் சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். போனில் சட்டை தெரியவா போகிறது என்று கழற்றப் போய், பிறகு அப்படியே விட்டுவிட்டார். கல்யாண மண்டபத்தை நினைத்தார். மாப்பிள்ளை வீட்டார் தங்கும் அறைகள் மாடியில். அங்கே ஒரு அறையில் கட்டாயம் பாட்டில் திறப்பார்கள். 'சம்பந்தி, ஒரு வாய்' என்று யாராவது ஒருவன் தோளில் கை போடுவான். மாட்டேன் என்று சொல்வது போல நினைத்துப் பார்த்தார். நினைப்பிலேயே கை நீண்டது. உள்ளங்கை வேர்த்து, விசில் ஈரமானது.

வெயில் சாயத் தொடங்கியபோது முன்னறை வாசலுக்கு வந்து உட்கார்ந்தார். உள்ளே மேசைமேல் போன். வாசற்படியில் சிஸ்டர், கொட்டையின் பால் பட்டுப் புண்ணாகாமலிருக்கக் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, மதியத்துக்குப் பிறகு உதிர்ந்த ஒரு கூடைப் பழத்தின் கொட்டைகளைத் திருகிக்கொண்டிருந்தார். ஜாகீர் பாய் டீ போடப் போயிருந்தார். வேறு யாரும் இல்லை.

காற்று மறுபடி அந்தப் பக்கமிருந்து வந்தது.

"சிஸ்டர்."

"ம்."

"நான் இங்க யார்கிட்டயாவது தகராறு பண்ணியிருக்கேனா?"

"இல்ல."

"வந்திருக்குன்னு சொல்லி யாரையாவது தொந்தரவு பண்ணி எவ்வளவு நாளாச்சு?"

"ரொம்ப நாளாச்சு."

"அப்புறம் என்ன யோசனை? உங்களுக்கு அது ஒரு வார்த்தை சிஸ்டர். எனக்கு அது என் பொண்ணு." எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். வயதில் சின்னவர் என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை. "குணமாயிட்டார்னு சொல்லிடுங்கம்மா. உங்க வாயால. உங்க கால்ல வேணாலும் விழறேன்."

சிஸ்டர் கொட்டையைத் திருகுவதை நிறுத்தினார். எதையோ சொல்ல வந்தது போல உதடு பிரிந்தது. பிறகு மூடிக்கொண்டது. தன் இடது முழங்கையின் உள்பக்கத்தை வலது கையால் இறுக்கிப் பிடித்தார். சாம்பல் அந்த இடத்தில் ஐந்து விரலாக ஒட்டியது.

"சார்," என்றார். "வந்திருக்கு."

தணிகாசலம் கும்பிட்ட கையை இறக்கினார்.

"யாருக்கு?"

"எனக்கு."

"உங்களுக்கா?"

சிஸ்டர் பிடியை இன்னும் இறுக்கினார். மேலுதட்டில் வேர்வை அரும்பியிருந்தது. தணிகாசலம் சுற்றுமுற்றும் பார்த்தார். பாயைக் கூப்பிடலாமா என்று சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பினார். பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள்தான். பக்கத்தில் அவர்தான் இருந்தார்.

படியில் உட்கார்ந்தார்.

உள்ளே போன் அடித்தது.

சலவைச் சட்டைக்குள் அவர் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. எழ வேண்டும் என்று முழங்கால் தானாக நிமிர்ந்தது. சிஸ்டரைப் பார்த்தார். போங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் ஓடிவிடலாம். சிஸ்டர் அவரைப் பார்க்கவே இல்லை. எதிரே செம்மண்ணில் ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் அபிநயாவின் முகம் ஒருவிதமாக மாறுவது அவருக்குத் தெரிந்தது. நிமிர்ந்த முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நின்றது.

கொஞ்ச நேரத்தில் மறுபடி அடித்தது. "பாய்!" என்று கத்த வாயைத் திறந்தார். பாய் வந்து எடுத்தால் மட்டும் என்ன சொல்வார்? சிஸ்டரைக் கூப்பிடு என்பாள் மகள். சிஸ்டர் இங்கே இப்படி இருக்கிறார். வாயை மூடிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. அது யாருக்காக என்று தெரியவில்லை.

இரண்டாம் தடவையும் அடித்து ஓய்ந்தது. அதன்பிறகு அடிக்கவில்லை.

தோப்பு முழுக்க நிழல் நீண்டிருந்தது. பிடித்திருந்த கையை சிஸ்டர் மெல்ல எடுத்தார்.

"போயிடுச்சு," என்றார்.

தணிகாசலம் உள்ளே ஓய்ந்து கிடந்த போனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நெசமாவே வந்துச்சா? இல்ல, எனக்குப் பாடம் நடத்தினீங்களா?"

சிஸ்டர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். துணி நனைந்துபோனது. "பாடம் நடத்தறதுக்கு யாருக்காவது இப்படி வேர்க்குமா சார்?"

"இவ்வளவு வருஷத்துக்கு அப்புறமுமா?"

"எப்பவாவது."

"அப்ப நான் எந்தக் காலத்துல குணமாகறது?"

சிஸ்டர் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்தார். திருகவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"முதல் தடவை நான் சிகிச்சைக்குப் போயிருந்தேன். வேற ஊர். அங்க இருந்த டாக்டர் ரொம்ப நல்லவர். கிளம்பறப்ப எங்க அம்மாகிட்ட சொன்னார், உங்க பொண்ணு குணமாயிட்டாங்கன்னு. அம்மாவுக்குத் தலைகால் புரியல. தெரு முழுக்கச் சொன்னாங்க. நானும் திரும்ப வார்டுக்கு வேலைக்குப் போனேன். ஒருநாள் மருந்து அலமாரியைத் திறக்கறப்ப வந்துச்சு. பக்கத்துலயே என் சிநேகிதி நின்னுட்டிருந்தா. தொட்டுக் கூப்பிடற தூரம்."

"சொல்லலையா?"

"குணமானவ எப்படி சார் சொல்லுவா?"

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப நீங்க கும்பிட்டீங்கல்ல. பாவமா இருந்துச்சு. சொல்லிடலாம்னு அந்த வார்த்தையை வாய்வரைக்கும் கொண்டுவந்துட்டேன். அதுகூடவே அந்த அலமாரியும் வந்திருச்சு." பழத்தைத் திருகிக் கொட்டையைத் தனியாகப் போட்டார். "நீங்க உக்காந்தீங்க. போயிடுச்சு."

ஜாகீர் பாய் டீ டம்ளர்களோடு வந்தார். இருவர் முகத்தையும் பார்த்தார். டம்ளர்களைப் படியில் வைத்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் திரும்பிப் போனார்.

டீ ஆடை கட்டியது. காற்று நிற்காமல் அந்தப் பக்கமிருந்தே வந்துகொண்டிருந்தது. தணிகாசலம் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தார். பல்தடம் பதிந்து அதன் வாய் நசுங்கியிருந்தது. அதைப் படியின்மேல் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"சிஸ்டர்."

"சொல்லுங்க சார்."

"எனக்கு வந்திருக்கு." எச்சிலை விழுங்கினார். "காலையில இருந்து. காலையில இருந்தென்ன, தினமும்."

சிஸ்டர் கூடையைத் தள்ளி வைத்தார். கைச்சாம்பலைத் தட்டிவிட்டு, அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

வெகுநேரம் போயிற்று. பக்கத்துத் தோப்பில் யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள். தணிகாசலத்தின் தோள்கள் ஒரு கட்டத்தில் குலுங்கின. பிறகு அடங்கின.

"போயிடுச்சு," என்றார்.

"ம்."

"பொண்ணுகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"என்கிட்ட சொன்னீங்களே," என்றார் சிஸ்டர். "அது எப்படி சொன்னீங்க?"

தணிகாசலம் எழுந்து முன்னறைக்குள் போனார். எண்ணைச் சுழற்றினார். மகள் எடுத்ததும், எங்கே போனீர்கள், சிஸ்டர் எங்கே என்று அழுகையும் கோபமுமாகக் கேட்டாள். அவள் ஓயும்வரை பொறுத்திருந்தார்.

"சிஸ்டர் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டாங்கம்மா. நானும் சொல்லல. எனக்கு இன்னும் வருது. கல்யாணத்தன்னிக்கும் வரும்."

மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"வந்தா, பக்கத்துல ஒருத்தர் உக்காந்தாப் போதும். வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

"யாருப்பா உக்காருவாங்க?" என்றாள் அபிநயா கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "என்னை மணையில விட்டுட்டு அம்மாவா உக்காருவாங்க?"

தணிகாசலம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கார்க்கதவு அறைந்து சாத்தப்படும் சத்தம் காதுக்குள் கேட்டது.

"உன் மாமன்கிட்ட கேட்டுப் பாக்கறேன்," என்றார். "அவன் சரின்னு சொன்னா வர்றேன். இல்லன்னா இங்கயே இருந்துக்கறேன்."

போனை வைத்தார். பிறகு மறுபடி எடுத்து, ராஜமாணிக்கத்தின் எண்ணைச் சுழற்றினார்.